சான்றிதழ் தீயை அணைக்காது

காலை எட்டரை மணிக்கு எந்த ஊரின் தெருவில் நின்று பார்த்தாலும் ஒரே காட்சிதான். முதுகில் புத்தகப்பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில், சைக்கிளிலும் ஆட்டோவிலும் வேனிலுமாகக் குழந்தைகள்... பள்ளி வாசலில் இறக்கிவிட்டு டாட்டா காட்டித் திரும்பும் அம்மாவும் அப்பாவும் மாலை வரை அந்தக் குழந்தையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பள்ளிக்கூடத்தில்தானே இருக்கிறது!

2004 ஜூலை 16 அன்று காலையும் கும்பகோணத்தில் பெற்றோர் அப்படித்தான் திரும்பினார்கள். காசிராமன் தெருவில் இருந்த அந்தக் கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்தன. மாடியில் கீற்றுக்கொட்டகை போட்டு வகுப்புகள். மேலே போகக் குறுகலான படிக்கட்டு. சத்துணவு சமைத்த இடத்தில் பற்றிய நெருப்பு கூரைக்குத் தாவியது. எரிந்த கூரை பிள்ளைகளின் தலையில் விழுந்தது. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். எல்லாம் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள்.

இதை விதி என்று சொல்லிவிட்டுப் போகலாமா? முடியாது. கீற்று எரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுப்புக்குப் பக்கத்தில் கூரை இருக்கக் கூடாது என்பது நம் பாட்டிகளுக்கும் தெரியும். வருடக்கணக்கில் அந்தக் கூரை அங்கேதான் இருந்தது. அதன் கீழே எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள். யார் கண்ணிலும் படவில்லையா, அல்லது பட்டும் யாரும் கேட்கவில்லையா?

அதன் பிறகு நடந்தவையும் நமக்குத் தெரியும். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. 2009-இல் உச்சநீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் ஒரு பகுதிதான் என்று தீர்ப்பளித்தது. தீயணைப்புக் கருவிகளும் ஆசிரியர்களுக்கு அவற்றைக் கையாளும் பயிற்சியும் கட்டாயம் என்றது. சம்பவம் நடந்து பத்து வருடம் கழித்து, 2014 ஜூலையில், தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 11 பேர் விடுதலையானார்கள். 2017-இல் உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் மேலும் சிலரை விடுவித்து, வேறு சிலரின் தண்டனையைக் குறைத்தது.

சரி, சட்டமும் உத்தரவும் வந்துவிட்டன. பிறகு ஏன் இன்னும் பயமாக இருக்கிறது?

வணிகவியல் மாணவர்கள் தணிக்கைப் பாடத்தில் கட்டாயம் படிக்கும் ஒரு வழக்கு உண்டு. 1896-இல் இங்கிலாந்தில் நடந்த கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு. ஆலையில் இவ்வளவு சரக்கு கையிருப்பு உள்ளது என்று மேலாளர் எழுதிக் கொடுத்தார். தணிக்கையாளர்கள் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கு பொய். ஆனாலும் அவர்கள் மேல் தவறில்லை என்றது நீதிமன்றம். தணிக்கையாளர் காவல் நாய்தான், மோப்ப நாய் இல்லை என்ற புகழ்பெற்ற வரி இந்தத் தீர்ப்பில்தான் வந்தது. பிறகு 1938-இல் அமெரிக்காவில் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற கம்பெனியின் மோசடி வெளியானது. கிடங்கில் இருப்பதாகக் காட்டிய சரக்கு கிடங்கிலேயே இல்லை! அதற்குப் பிறகுதான் தணிக்கையாளர் நேரில் போய்ச் சரக்கைப் பார்க்க வேண்டும் என்ற நடைமுறை அங்கே வந்தது.

பஞ்சு மூட்டைக்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால், பிள்ளைகளுக்கு?

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்து தகுதிச் சான்று வாங்கிய பேருந்துதான். சான்றிதழ் அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கும். ஓட்டையும் பேருந்தில் அப்படியே இருந்தது. அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து எல்.கே.ஜி. குழந்தை இறந்தது. தொட்டியின் மேல் மூடி இருந்தது, ஆனால் துருப்பிடித்த மூடி. மூடி இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். போய்ப் பார்த்தால்தான் துரு தெரியும்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு தேவையில்லை. மாடிக்கு இரண்டு வழி இருக்கிறதா? படிக்கட்டில் உடைந்த பெஞ்சும் பழைய பீரோவும் அடைத்துக் கிடக்கின்றனவா? இரண்டாவது கேட்டின் சாவி யாரிடம்? சமையல் நடக்கும் இடம் வகுப்பறையை விட்டுத் தள்ளி இருக்கிறதா? சுவரில் தொங்கும் தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா? அதை எடுத்து இயக்க ஆசிரியருக்குத் தெரியுமா? மணி அடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் கை காட்டுமா?

கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பள்ளியில் சேர்க்கும்போது கட்டணம் எவ்வளவு, இங்கிலீஷ் மீடியமா, கம்ப்யூட்டர் உண்டா என்று எத்தனையோ கேட்கிறோம். இவற்றை மட்டும் கேட்பதில்லை. கேட்டால் பிள்ளையை ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்ற தயக்கம் வேறு! தயங்கத் தேவையில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசு, உதவிபெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் கூட்டத்தில் டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், எழுந்து ஒருமுறை பள்ளியைச் சுற்றி வந்தால் போதும். தனியார் பள்ளி என்றால் கட்டணம் கட்டுகிறவருக்குக் கேட்கும் உரிமை இல்லாமல் போய்விடுமா?

கும்பகோணத்தில் இன்றும் ஒவ்வொரு ஜூலை 16 அன்றும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி அழுகிறார்கள். உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இப்போது தங்கள் குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் வயதில் இருந்திருப்பார்கள்.

நாளைக் காலை பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும் முன், ஒரே ஒருமுறை உள்ளே போய் அந்தப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வருவோமா?