பாட்டே இல்லாத எட்டரை நிமிஷம்

புனேவுல எங்க வீட்டுல கொஞ்ச நாளா சாத்தின கதவுக்குள்ள ஒரே இரைச்சல். பையன் பன்னெண்டாவது. "சத்தத்தைக் குறைடா"ங்கறதைத் தவிர எங்களுக்குள்ள வேற பேச்சே இல்லாம போச்சு. போன வாரம் குவாஹாத்திக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி கதவைத் தட்டி, "அப்படி என்னதாண்டா இருக்கு இதுல?"ன்னு கேட்டேன்.

ஹெட்போனை நீட்டினான். மெட்டாலிகாவோட 'ஓரியன்', 1986-ல வந்தது. வார்த்தையே கிடையாது.

"பேலன்ஸ் ஷீட் பாக்கற மாதிரி பகுதி பகுதியா கேளுப்பா"ன்னான். தூரத்திலேர்ந்து மெல்ல எழும்பற ஆரம்பம். அப்புறம் கனமா ஒரு கிடார் வரி, நம்ம பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வருது. சுமார் நாலு நிமிஷத்துல எல்லாம் அடங்கி, பேஸ் கிடார் தனியா நிதானமா நடக்குது. அதுமேல கிடார்கள் ஒரே மெட்டை ரெண்டு ஸ்வரம் தள்ளிச் சேர்ந்து வாசிக்குது. ஒண்ணு ச-ன்னா இன்னொண்ணு க. கடைசியில பழைய பல்லவி திரும்பி வந்து, அப்படியே கரைஞ்சு போகுது.

அந்த பேஸ் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் அதே வருஷம் செப்டம்பர்ல, ஸ்வீடன்ல பஸ் விபத்துல போயிட்டார். வயசு 24. அவரோட இறுதிச் சடங்குல இதைத்தான் போட்டாங்க.

"திரும்பி வரப்ப முதல்ல கேட்ட மாதிரி இல்லையேடா?"ன்னேன்.

"வரி அதேதாம்பா. நடுவுல அவ்வளவு நடந்துடுச்சுல்ல."

அடுத்த வாரம் கிளம்பணும். பரீட்சை முடியற வரைக்கும் அவனும் அவங்க அம்மாவும் இங்கதான். இப்பெல்லாம் சத்தம் நின்னா, நான்தான் போய் எட்டிப் பாக்கறேன்.