வெந்நீர் விளாவும் குழாய்

‘விளாவுதல்’ என்று தமிழில் ஓர் அருமையான வினைச்சொல் உண்டு. சாம்பாரை யாரும் விளாவுவதில்லை. மோரைப் பெருக்குவோம், பாலைக் கலப்போம், வெந்நீரைத்தான் விளாவுவோம். கொதிக்கிற தண்ணீரில் பச்சைத் தண்ணீர் விட்டு, கையால் ஒரு கலக்குக் கலக்கி, உடம்பு தாங்கும் பதத்துக்குக் கொண்டுவருகிற அந்தச் சின்ன வேலைக்கென்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள் என்றால், நம் முன்னோர் குளியலை எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அந்த இலாகா அம்மாவிடம் இருந்தது. முதலில் தவலை, அப்புறம் பாய்லர், அப்புறம் கீசர். சாதனம் மாறியதே தவிர, செய்முறை மாறவில்லை. பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் சுடுதண்ணீர், மணிக்கட்டு வரை கையை விட்டு ஒரு சுற்று. ‘‘விளாவி வெச்சிருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள போங்க.’’ ஐம்பது வருஷத்துக்கு மேல் தினமும் காலையில் இந்த வாக்கியம் ஒலித்திருக்கிறது. அப்பா ஒரு நாள்கூடத் தனக்குத்தானே வெந்நீர் விளாவிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. மின்வாரியத்தில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். ஊருக்கெல்லாம் யூனிட் கணக்குப் பார்த்தவருக்குத் தன் பக்கெட்டின் சூடு எவ்வளவு என்று தெரியாது.

அம்மா போய் மூன்று வருஷமாகிறது.

அப்பாவுக்கு இப்போது 79 வயசு. அதில் 25 வருஷம் சர்க்கரையோடு. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்து, செருப்பு நழுவிப் போனால்கூடத் தெரியாமல் நாலு அடி நடந்துவிடுவார். போன மார்கழியில் ஒரு நாள் என் மனைவிதான் கவனித்தாள். வலது காலில் சுண்டுவிரலை ஒட்டி ஒரு பெரிய கொப்புளம். ‘‘என்ன மாமா இது?’’ என்றாள். அப்பா குனிந்து பார்த்து, எங்களோடு சேர்ந்து அவரும் ஆச்சரியப்பட்டார்.

பக்கெட்டுக்குள் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, சூடு பதமா என்று காலை விட்டுப் பார்த்திருக்கிறார். கால் ‘பதம்தான்’ என்று சொல்லியிருக்கிறது.

டாக்டர் திட்டவில்லை. ‘‘சர்க்கரை இருக்கிறவங்க காலை விட்டு சூடு பார்க்கவே கூடாது. முழங்கையை விட்டுப் பாருங்க. இல்லேன்னா தெர்மாமீட்டர் வாங்கி வெச்சுக்குங்க’’ என்றார். புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் நானோ மனைவியோ தண்ணீர் விளாவி வைத்தோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது வாரம் முடிந்த மறுநாள், நான் பாத்ரூமுக்குப் போவதற்குள் அவர் உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் வெளியே நின்றேன். வந்ததும், ‘‘குளிக்கிறதுக்கெல்லாம் ஆள் வேண்டாம்ப்பா’’ என்றார். கோபமாக அல்ல. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

அன்று மத்தியானம்தான் ஷவர் மிக்ஸர் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். நான் பி.காம். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது லிக்விட் அசெட் கணக்கில் வராது என்பதுதான். ஆனால், விளாவுவது அடிப்படையில் வெய்ட்டட் ஆவரேஜ் கணக்குதான். கீசரில் 60 டிகிரி, தொட்டியில் 30 டிகிரி, நமக்கு வேண்டியது 40 என்றால், ஒரு சொம்பு சுடுதண்ணீருக்கு இரண்டு சொம்பு பச்சைத் தண்ணீர். நம் வீட்டு 25 லிட்டர் கீசர் இந்தக் கணக்கில் 75 லிட்டர் குளியல் தண்ணீர் தரும். அப்பா இதைச் சரிபார்த்துவிட்டு, ‘‘30லேர்ந்து 60க்குக் கொண்டுபோக 0.9 யூனிட் கிட்ட ஆகும். ரெண்டு கிலோவாட் ஹீட்டருக்கு 26 நிமிஷம்’’ என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்குக் கோபதாபமெல்லாம் கிடையாது.

கடையில் நாம் ‘டைவர்ட்டர்’ என்று கேட்டு வாங்குகிற சாதாரண மிக்ஸர் இந்தக் கலவையை நம் கையில் விட்டுவிடுகிறது. கைப்பிடியை இடது பக்கம் திருப்பினால் சூடு, வலது பக்கம் திருப்பினால் குளிர்ச்சி. இந்த ஒற்றைக் கைப்பிடி யோசனைக்கே ஒரு கதை உண்டு. 1937ல், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், ஆல்ஃபிரட் மோயன் என்ற கல்லூரி மாணவர் இரட்டைக் குழாயில் கை கழுவப் போய்ச் சுட்டுக்கொண்டார். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் ஒற்றைக் கைப்பிடிக் குழாய். யுத்தத்தில் பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்து, கடைக்கு வருவதற்குள் 1947 ஆகிவிட்டது.

ஆனால், அந்தக் கைப்பிடிக்குச் சூடு என்றால் என்னவென்று தெரியாது. வருகிற இரண்டு தண்ணீரை இவ்வளவுக்கு இவ்வளவு என்று கலக்கும், அத்தோடு சரி. நீங்கள் பதமாக வைத்துச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீர் இழுத்தால், பச்சைத் தண்ணீரின் வேகம் குறையும். சுடுதண்ணீர் மட்டும் அதே வேகத்தில் வரும். உங்களுக்கும் எனக்கும் என்றால் ஒரு ‘ஆ!’ போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். 60 டிகிரித் தண்ணீர் தோலைப் புண்ணாக்க ஐந்து விநாடி போதும் என்கிறார்கள். வயசானவர்களின் மெல்லிய தோலுக்கு அதுவும் தேவையில்லை. கால் மரத்தவருக்கு ‘ஆ’ என்று சொல்லத் தோன்றாது என்பதுதான் விஷயம்.

‘கீசரையே 45ல் வைத்துவிட்டால் என்ன?’ என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எங்கள் கீசர் திருகில் டிகிரியே போட்டிருக்கவில்லை. ஒரு புள்ளியிலிருந்து ஆரம்பித்து, பெரிதாகிக்கொண்டே போகும் ஒரு வளைகோடு மட்டும்தான். தவிர, 20க்கும் 45க்கும் நடுவில் தேங்கி நிற்கும் தண்ணீர் ‘லெஜியொனெல்லா’ என்ற பாக்டீரியாவுக்கு மாமியார் வீடு மாதிரி. 1976ல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டுக்கு வந்தவர்களைச் சாய்த்து, அவர்களின் ‘லீஜன்’ பெயரையே தன் பெயராக வாங்கிக்கொண்ட கிருமி அது. அதனால் உலகம் பூராவும் சொல்கிற வழி, தண்ணீரைச் சூடாகவே சேர்த்து வை, குழாயில் வரும்போது விளாவிக்கொள் என்பதுதான்.

அப்படி விளாவித் தருவதுதான் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர். உள்ளே விரல் தண்டிக்கு ஒரு கார்ட்ரிட்ஜ். அதற்குள் கொஞ்சம் மெழுகு. கலந்து வரும் தண்ணீர் சூடானால் மெழுகு விரிந்து ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ளும். அது சுடுதண்ணீர் வழியைக் குறுக்கிவிடும். ஆறினால் மெழுகு சுருங்க, வழி திறக்கும். கரண்ட் கிடையாது, பாட்டரி கிடையாது. கார் ரேடியேட்டரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் இதே மெழுகு வித்தைதான். பச்சைத் தண்ணீர் அடியோடு நின்றுவிட்டால் சுடுதண்ணீரையும் நிறுத்திவிட வேண்டும் என்பது இதன் முக்கியமான கடமை. 38 டிகிரியில் ஒரு தடுப்பு இருக்கிறது. அதற்கு மேல் போக ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கொண்டு திருக வேண்டும். தெரியாமல் கை பட்டுச் சூடு ஏறாது.

விலைதான் சுட்டது. டைவர்ட்டர் நாலாயிரம் ரூபாய் என்றால் இது பதினாலாயிரம். அந்த ஆறு வார மருந்து, கட்டு, ஆட்டோ பில்லையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். கேப்பிடல் எக்ஸ்பெண்டிச்சர் என்று எழுதிவிட்டு வாங்கிவிட்டேன்.

பிளம்பர் பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முப்பது வயசுக்காரர், வேலையில் சுத்தம். ‘‘எல்லாரும் டைவர்ட்டர்தான் சார் போடுறாங்க. இது உப்புத் தண்ணிக்கு அடைச்சுக்கும். அப்புறம் பார்ட்ஸுக்கு நீங்கதான் அலையணும்.’’ அவர் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் ஏரியா போர் தண்ணீரில் பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதனால்தான் ஒரு கார்ட்ரிட்ஜ் உபரியாக வாங்கி வைத்திருந்தேன். காட்டினேன். ‘‘அப்ப சரி’’ என்றார்.

அடுத்த சந்தேகம் பிரஷர். பெட்டியில் குறைந்தபட்சம் 0.5 பார் வேண்டும் என்று போட்டிருந்தது. 33 அடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார். எங்கள் தொட்டி மாடிப்படி அறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அப்பா தரைத்தளத்தில். தொட்டியின் அடியிலிருந்து ஷவர் வரை டேப் போட்டால் 20 அடி. 0.6 பார். ஜஸ்ட் பாஸ்! மாடியில் இருக்கும் நான் எனக்காக இதை வாங்கியிருந்தால் பெயில். ஒரு சௌகரியம், கீசருக்கும் அதே தொட்டியிலிருந்துதான் தண்ணீர். அதனால் இரண்டு பக்கமும் சம பிரஷர். பிரஷர் பம்ப் வைக்கிறவர்கள் பச்சைத் தண்ணீருக்கு மட்டும் வைத்துவிட்டால் இந்த மிக்ஸர் திண்டாடிவிடும்.

பிறகு சுவரைக் கொத்தினார்கள். அந்தச் சத்தத்தையும் தூசியையும் வர்ணிக்க வேண்டாம், உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். உள்ளே இருந்த பழைய இரும்புக் குழாயை அறுத்து எடுத்தபோது, அரை இஞ்ச் குழாயில் துரு போக பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். இத்தனை நாள் ‘தண்ணி மெதுவா வருது’ என்று தொட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சிபிவிசி குழாய், அந்த வெண்ணெய் நிறத்தில் இருக்குமே, அது. வெள்ளை பிவிசியைச் சுடுதண்ணீருக்குப் போட்டால் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். பிளம்பர் கேட்காமலே சொன்னார்.

இடது பக்கம் சுடுதண்ணீர், வலது பக்கம் பச்சைத் தண்ணீர். டெபிட் இடது, கிரெடிட் வலது என்று காலேஜில் படித்தவனுக்கு மறக்காது. இது சும்மா சம்பிரதாயம் இல்லை. தெர்மோஸ்டாட்டிக்கில் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் மெழுகு தப்பான வழியை அடைக்கும். இரண்டு வாய்க்கும் நடுவில் 150 மில்லிமீட்டர். அதைச் சரிக்கட்ட ‘லெக்’ என்று கோணலாக இரண்டு துண்டு. (சிக்கன் இல்லை.) மட்டப்பலகை வைத்து, டெஃப்லான் டேப் சுற்றி, குரோம் கீறாமல் துணி வைத்து ஸ்பானர் போட்டார். மிக்ஸரை மாட்டுமுன் இரண்டு குழாயையும் ஐந்து நிமிஷம் சும்மா திறந்துவிட்டார். செம்மண் கலரில் வந்தது. அந்த மண்ணில் ஒரு பொடி போதும், உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் காலி. சுவரைப் பூசுமுன் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரை நிறுத்தி வைத்து ஒழுகுகிறதா என்று பார்த்தோம். உங்கள் பிளம்பர் அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள்.

உடைந்த டைல்ஸ் ஆறு. 2004ல் ஒட்டியது. அந்த டிசைன் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. வேறு கலரில் பட்டை மாதிரி ஒட்டிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, அப்பா சேரில் உட்கார்ந்தபடியே, ‘‘பரண்ல பாரு. உங்க அம்மா எடுத்து வெச்சிருப்பா’’ என்றார். இருந்தது. அந்த வருஷத்து நியூஸ் பேப்பரில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, எட்டு டைல்ஸ்.

எல்லாம் முடிந்து டெஸ்ட். சமையலுக்கு வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு நின்றேன். கீசர் தண்ணீர் 62. மிக்ஸரை 38ல் வைத்து ஷவரைத் திறந்தால், முதலில் இரண்டு விநாடி தடுமாறி, 38.5ல் நின்றது. இப்போது முக்கியமான பரீட்சை. பிளம்பரைப் பச்சைத் தண்ணீர் வால்வைச் சட்டென்று மூடச் சொன்னேன். ஷவர் இளைத்து, நூலாகி, சொட்டி, நின்றேவிட்டது. ‘‘அட!’’ என்றார் பிளம்பர். மறுபடி திறந்து மறுபடி மூடினார். மூன்று தடவை. அப்புறம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த இயந்திரத்துக்கு ஆற வைக்கத் தெரியாது. கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு நம் மொட்டைமாடி பிளாஸ்டிக் தொட்டியில் ‘பச்சை’த் தண்ணீரே 40ஐத் தாண்டி நிற்கும். அப்போது அதை 38ல் வைத்தாலும் வருவது வந்ததுதான். மே மாதத்தில் அப்பா விடியற்காலையிலேயே குளித்துவிடுகிறார்.

முதல் நாள் குளியலுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி எல்லாம் தயார். தாழ்ப்பாளை மட்டும் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி மாற்றியிருந்தோம். அப்பாவிடமும் சொல்லித்தான். திருகை எப்படித் திருப்புவது என்று விளக்கப் போனேன். ‘‘தெரியும்ப்பா, புஸ்தகத்தைப் படிச்சுட்டேன்’’ என்று கதவைச் சாத்தினார். மனைவி காபி போடுகிற சாக்கில் சமையலறை வாசலிலேயே நின்றாள். நான் பேப்பரில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தம், நிற்பது, மறுபடி சத்தம். முக்கால் மணி நேரம்.

துண்டோடு வெளியே வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

‘‘நல்லா இருக்கு. 38 பத்தலை. சிவப்புப் பொத்தானை அமுக்கி 40 வெச்சேன். அம்மா விளாவுறது அந்தச் சூடுதான்.’’

அன்று சாயங்காலம் உள்ளே இருக்கும் வளையத்தைக் கழற்றி, 41க்கு மேல் போகாதபடி திருப்பி மாட்டினேன். இப்போது 40ல் இருக்கிறது. நான் கீழே குளிக்கப் போனாலும் அதை மாற்றுவதில்லை.