கலயத்தின் உட்புறம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமத்தினர் நாங்கள். 1956-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எங்கள் தாலுகா கேரளத்தில் நின்றது. பனைத்தொழில் இருபுறமும் ஒன்றே. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அக்கானி, பூசாவிடில் கள். சுண்ணாம்பின் காரம் நொதியை வளரவிடாது.

ஒருநாள் தந்தையார் பூச மறந்தார். அக்கானி புளித்தது, கருப்புக்கட்டி காய்ச்ச வழியின்றிப் பட்டினி கிடந்தோம்.

இன்று கடல் கடந்து வாழ்கின்றோம். பிளாஸ்டிக் கூம்புக் கலத்தில் பீர் புளிக்கவைக்கும் அண்டைவீட்டார், முதலில் அழுக்கு நீங்கக் கழுவுகின்றனர். பிறகே கிருமிநாசினி ஊற்றுகின்றனர். அடிக்குழாயையும் கழற்றித் துலக்குவர். நாரிட்டுத் தேய்ப்பதில்லை, கீறலில் கிருமி தங்குமன்றோ! அவர்கள் வேண்டுவது புளிப்பு. நாங்கள் அஞ்சியதும் அதுவே. எனினும் கவலை ஒன்றே.

“கலயத்தை மோந்து பார்த்த பிறகே பனையேறு” என்பார் தந்தையார். பிளாஸ்டிக்குக்கும் அது பொருந்தும்.