ஆதாரத்துக்கு ஒரு படம்

அகதிகள் கட்டிய உல்லாஸ்நகரில் போட்டோ ஸ்டுடியோக்கள் எழுபது ஆண்டுகளாக விற்றுவந்த சரக்கு அத்தாட்சி. இப்போது அதை அரசாங்கமே எடுத்துக்கொண்டுவிட்டது.

மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்திலிருந்து கர்ஜத் பக்கம் போகும் லோக்கல் ரயிலில், கல்யாணைத் தாண்டி விட்டல்வாடி, அதற்கடுத்து உல்லாஸ்நகர். தூரம் 58 கிலோமீட்டர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது பெயர்ப்பலகைகள்தான். தேவநாகரி, ஆங்கிலம், அங்கங்கே அரபு லிபியில் சிந்தி. ஜீன்ஸ் கடை, மரச்சாமான் கடை, அப்பளக் கடை. இவற்றுக்கு நடுவே, ஆள் நுழைகிற அகலத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. அதன் பலகையில் இடம் போதவில்லை: ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, ஆன்லைன் விண்ணப்பம், அவசர பாஸ்போர்ட் சைஸ். 'போர்ட்ரெயிட்' என்ற சொல் எங்காவது ஓரத்தில், சாயம் மங்கி நிற்கும்.

இந்தப் பலகையை மேலிருந்து கீழாகப் படித்தால் ஊரின் வரலாறே கிடைத்துவிடும்.

இரண்டாம் உலகப்போரின்போது கல்யாணுக்கு அருகே பிரிட்டிஷ் ராணுவம் ஒரு தங்கல் முகாம் அமைத்தது. 2,000-க்கும் மேற்பட்ட பாரக்குகள். போர் முடிந்து காலியாகக் கிடந்த அந்த முகாமுக்கு, 1947 பிரிவினைக்குப் பிறகு கராச்சியிலிருந்தும் சிந்து மாகாணத்தின் பிற ஊர்களிலிருந்தும் கப்பலிலும் ரயிலிலும் வந்த சிந்திக்காரர்கள் அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். ஒரே பாரக்கைச் சாக்கும் சேலையும் கட்டி அறைகளாகப் பிரித்துக்கொண்டு குடும்பங்கள் வாழத் தொடங்கின. 1949 ஆகஸ்ட் 8-ஆம் தேதி இந்த இடத்தை நகரமாக்க அடிக்கல் நாட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. பக்கத்தில் ஓடும் உல்லாஸ் ஆற்றின் பெயரே ஊருக்கு வைக்கப்பட்டது. முகாம் ஊராகிவிட்டாலும் முகாம் என்ற பேச்சு போகவில்லை. ஐந்து பகுதிகளும் இன்றுவரை 'கேம்ப்' ஒன்று முதல் ஐந்து வரைதான். பாரக் எண், அறை எண் என்றே முகவரி எழுதுகிறவர்கள் இப்போதும் உண்டு.

சிந்திகளுக்கென்று ஒரு மாநிலம் அமையவில்லை. அவர்களுடைய மொழி எட்டாவது அட்டவணையில் சேர்ந்ததே 1967-இல்தான். விட்டுவந்த சொத்துக்கு ஈடு கேட்க 1950-இலும் 1954-இலும் சட்டங்கள் வந்தன. எதைக் கேட்டாலும் காகிதம் வேண்டும். நான் இன்னார், இன்னாரின் மகன், இன்ன இடத்தில் குடியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னதை நிரூபிக்கவும் வேண்டும். பழைய வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தாத்தா பாட்டி படங்கள் பெரும்பாலும் சுவரோடே நின்றுவிட்டன. தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களின் பெட்டியில் கண்ணாடிச் சட்டத்துக்கு இடம் இருப்பதில்லை.

அப்படி வந்தவர்களில் போட்டோகிராபர்களும் இருந்தார்கள். ஊரறிந்த உதாரணம் ஜே.ஹெச். தக்கர். கராச்சியில் தொழில் செய்துகொண்டிருந்த இந்த குஜராத்திக்காரர், பிரிவினையில் அதை விட்டு பம்பாய் வந்து, 1948-இல் தாதரில் 'இந்தியா போட்டோ ஸ்டுடியோ'வைத் தொடங்கினார். நர்கிஸ், மீனா குமாரி, திலீப் குமார் என இந்தி சினிமாவின் முகங்கள் அவருடைய விளக்கொளியில்தான் நட்சத்திரங்களாயின. தாதருக்குக் கிடைத்தது நட்சத்திரங்கள். அதே காலத்தில் அகதிகளாக வந்து சேர்ந்த உல்லாஸ்நகர்க்காரர்களுக்குத் தேவைப்பட்டது சாதாரண முகங்களின் படம்: விண்ணப்பத்துக்கு ஒன்று, பெண் பார்க்க ஒன்று, வீட்டுச் சுவருக்கு ஒன்று.

அந்தக் கால ஸ்டுடியோ, ஒரு சின்ன நாடகக் கொட்டகை. பின்னால் துணியில் வரைந்த மாடிப்படி, தோட்டம், சில சமயம் பனிமலை. ஆணியில் எல்லோருக்குமாக ஒரு கோட்டு, முடிச்சு அவிழ்க்காத ஒரு டை. கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. சாக்குத் திரைக்குப் பின்னால் குடியிருப்பவரும் பனிமலைக்கு முன்னால் கோட்டுப் போட்டு நிற்கலாம். மாப்பிள்ளை தேடும் வீட்டுக்குப் போகிற படத்தில் பாரக் தெரியக் கூடாது, தெரியவும் செய்யாது. இதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. சிந்துவில் இழந்த வீட்டையும் இனி கட்டப்போகும் வீட்டையும் அந்தத் திரையே தாங்கியது.

இருட்டறையில்தான் உண்மையான வேலை. சிவப்பு பல்பின் கீழே டெவலப்பர் தட்டில் முகம் மெல்ல எழும்பும். நெகடிவின் மேல் கூர்மையான பென்சிலால் 'டச்சிங்' செய்வது தனிக்கலை. அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே உள்ள கருமை குறையும். நெகடிவில் வெளிச்சமும் இருளும் தலைகீழாக இருப்பதால், பென்சிலால் கறுப்பாக்கிய இடம் படத்தில் வெளுப்பாக வரும். கை கொஞ்சம் மிஞ்சினால் வந்தவருடைய முகம் வேறு யாருடையதோ ஆகிவிடும். நல்ல டச்சிங் ஆள் இருக்கும் ஸ்டுடியோவுக்குக் கல்யாண வயதுப் பெண்கள் இருக்கும் வீடுகள் தேடி வரும்.

இந்த வியாபாரத்துக்குத் தமிழ்நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. வெளிநாட்டு பிலிம் அரிதாக இருந்த காலத்தில், 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உதகமண்டலத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு-வெள்ளை பிலிமும் தாளும் இந்தியாவெங்கும் ஸ்டுடியோக்களின் அன்றாடச் சரக்காயின. நீலகிரியின் தூசியில்லாத குளிர்ந்த காற்றில் பூசப்பட்ட பிலிம் எங்கெங்கோ உள்ள புழுக்கமான அறைகளில் முகங்களாக மாறியது. கலர் வந்தது. தெருமுனை கலர் லேப்கள் வந்தன. 1996-இல் அந்தத் தொழிற்சாலை நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது, பிறகு மூடப்பட்டது.

ஸ்டுடியோக்காரர்களுக்கு முதல் எச்சரிக்கை அதற்கும் முன்பே வந்துவிட்டது. அதுவும் ஒரு தமிழரின் கையெழுத்தோடு. 1993-இல் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் வாக்காளர்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நாடு முழுவதும் மக்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஸ்டுடியோவில் அல்ல, அதற்கென்று போடப்பட்ட முகாம்களில். பவுடர் கிடையாது, கோட்டு கிடையாது, டச்சிங் கிடையாது. அட்டையில் வந்த முகத்தைப் பார்த்துச் சொந்தக்காரரே திடுக்கிட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. இருந்தாலும் செல்லுபடியானது அந்த முகம்தான்.

2010 செப்டம்பர் 29-ஆம் தேதி முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது, இதே மகாராஷ்டிரத்தின் நந்தூர்பார் மாவட்டத்திலுள்ள தெம்ப்ளி கிராமத்தில். ஆதாருக்குப் படம் கொண்டுபோக வேண்டியதில்லை; மையத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். அதே காலத்தில் திறக்கப்பட்ட பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் அப்படியே. பள்ளிக்கூடமும் வங்கியும் வெளிநாட்டு விசா அலுவலகங்களும் இன்னும் படம் கேட்கின்றன. ஆனால் 'இவர் இவர்தான்' என்று சொல்லும் உரிமை ஸ்டுடியோவை விட்டுப் போய்விட்டது. படம் எடுத்தவர் படம் ஒட்டிய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பவராக மாறினார். பலகையில் ஜெராக்ஸும் பான் கார்டும் ஏறிய கதை இதுதான். 2012 ஜனவரியில் அமெரிக்காவில் கோடக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனபோது, இந்தத் தெருக்களில் பிலிம் ஏற்கெனவே பழங்கதை.

மிஞ்சியவை இரண்டு: கல்யாணமும் சரக்கும். கல்யாணத்துக்கு வீடியோ, டிரோன், கனமான ஆல்பம் என்று பெரிய முதல் வேண்டும். அது சின்ன ஸ்டுடியோக்காரர்களின் கைக்கு எட்டாது. சரக்குக்கோ இந்த ஊரில் பஞ்சமில்லை. உல்லாஸ்நகரில் தைத்த பொருளில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று இருந்தால் அதற்கு 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்று பொருள் என்ற பழைய கேலியை ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். கேலிக்குள் இருப்பது ஒரு தொழில் திறமை. 13 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2011 கணக்கெடுப்பின்படி 5,06,000 பேர். இந்த நெரிசலில் ஜீன்ஸும் மரச்சாமானும் பலகாரமும் தயாராகி நாடெங்கும் போகின்றன.

முன்பு வெளியூர் வியாபாரி நேரில் வந்து துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கினார். இன்று அவர் போனில் படத்தைப் பார்க்கிறார். ஆகவே ஜீன்ஸுக்கும் போர்ட்ரெயிட் தேவைப்படுகிறது. வெள்ளைத் திரைக்கு முன்னால் பேன்ட்டைத் தொங்கவிட்டு, உள்ளே காகிதம் திணித்து, பின்பக்கம் கிளிப் போட்டு இறுக்கி, இல்லாத இடுப்பை இருப்பதுபோல் காட்ட வேண்டும். நீலம் நீலமாகவே வர வேண்டும். நிறம் மாறினால் பார்சல் திரும்பி வரும். சோபாவும் கட்டிலும் ஸ்டுடியோவுக்குள் நுழையாது. விளக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். பாலீஷ் போட்ட மரத்தில் விளக்கின் பிரதிபலிப்பு விழாமல் எடுப்பது, மூக்குக் கண்ணாடி போட்டவரை எடுப்பதற்குச் சமம். பழைய போர்ட்ரெயிட் பயிற்சி இங்கே கைகொடுக்கிறது. கூலி உருப்படிக் கணக்கில்.

இதுவும் நிலையான பிழைப்பல்ல. வால்துனி ஆற்றில் சாயக் கழிவு கலப்பது வழக்காகி, ஜீன்ஸ் சலவைப் பட்டறைகள் பல மூடப்பட்டபோது, படம் எடுக்கச் சரக்கு குறைந்தது. இப்போது பின்னணியை நீக்குவதைப் போனே செய்துவிடுகிறது. ஆளே இல்லாமல், பேன்ட் அணிந்த ஆளைக் கம்ப்யூட்டரே வரைந்து தருகிறது.

தொழில் மாறுவது உலக வழக்கம். ஸ்டுடியோக்காரர்கள் வேறு பிழைப்பைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அவர்களுடைய பெற்றோர் கண்டுபிடிக்கவில்லையா? போனால் திரும்பாதது நெகடிவ்தான். ஒரு ஸ்டுடியோவின் பரணில் பல ஆயிரம் முகங்கள் கிடக்கும். மும்பையிலேயே, பல்லார்ட் எஸ்டேட்டில் 1928-இல் தொடங்கிய ஹாமில்டன் ஸ்டுடியோ தன் பழைய நெகடிவ்களைக் கட்டிக் காத்தது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. அங்கே படம் எடுத்துக்கொண்டவர்கள் மகாராஜாக்கள், தொழிலதிபர்கள். சாதாரண ஜனங்களின் நெகடிவைக் காப்பாற்ற யாரும் பணம் தருவதில்லை. கொங்கண மழையின் ஈரத்தில் அது பூஞ்சை பிடிக்கும். 2005 ஜூலை 26 பெருமழையில் உல்லாஸ் ஆறு கரை புரண்டு சுற்றுவட்டாரத்தையே மூழ்கடித்தது. தண்ணீருக்குத் தப்பியது எடைக்குப் போகும். கறுப்பு-வெள்ளை பிலிமில் வெள்ளி இருக்கிறது. அதைக் கழுவி எடுக்க ஆட்கள் வாங்கிக்கொள்வார்கள். ஒரு தலைமுறையின் முகம் கிலோக் கணக்கில் போய்விடும்.

போனது போகட்டும் என்று விட முடியாத ஊர் இது. பாரக்குகள் இடிந்து, அனுமதியோடும் அனுமதியில்லாமலும் மாடிகள் எழுந்தன. அனுமதியில்லாத கட்டடங்களை முறைப்படுத்த 2006-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2021 மே மாதத்தில் இரண்டு கட்டடங்களில் தளம் சரிந்து உயிர்கள் போயின. ஊர் தன் பழைய உருவத்தைத் தானே அழித்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது. முதல் தலைமுறை எப்படி இருந்தது என்பதற்குக் கட்டடம் சாட்சி சொல்லாது. சாட்சி சொல்லக்கூடியது பரணில் கிடக்கும் பெட்டிதான்.

மும்பைத் தமிழருக்கு இது அயல் விவகாரமல்ல. தாராவியில் எடுத்த படம்தான் திருநெல்வேலிச் சீமைக்குத் தபாலில் போய்ச் சம்பந்தம் பேசியது. இன்று தாராவி மறுகட்டமைப்பில் அங்கேயே இலவச வீடு பெற, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதைக் காட்ட வேண்டும். வாசலில் நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படம் அந்தக் கணக்கில் பெரிதாக எண்ணப்படாது. ஆனாலும் காகிதங்களைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறக்கிறவர்கள், முதலில் கையில் எடுத்து நெடுநேரம் பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

உல்லாஸ்நகர் ஸ்டுடியோக்களுக்கு ஒரு வாடிக்கை மட்டும் குறையவே இல்லை. வீட்டில் பெரியவர் யாராவது காலமானால், மகனோ பேரனோ போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். போனில் ஆயிரம் படங்கள் இருக்கின்றன. ஒன்றில் பாதி முகம், ஒன்றில் கண் மூடியிருக்கிறது, ஒன்றில் தோள்மேல் வேறு யாருடைய கையோ. மாலை போட ஒரு படம் இல்லை. ஸ்டுடியோக்காரர் கல்யாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுக்கிறார். தோள்மேல் இருந்த கையை நீக்குகிறார், கோட்டுப் போட்டுவிடுகிறார், பின்னணியில் மெல்லிய நீலம் தடவுகிறார். அந்த முகத்தை எங்கோ பார்த்த ஞாபகம் வந்தால், பரணில் ஏறிப் பெட்டியைத் தேடுகிறார். சில சமயம், நாற்பது வருடத்துக்கு முன் அதே ஆள் அதே கடையில் பனிமலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்த நெகடிவ் கிடைத்துவிடுகிறது.

கிடைத்தால், வந்தவன் விலை கேட்பதில்லை.