சேர் மாறினாலும் சேர்வர் நிற்கக்கூடாது



எங்கள் பாடசாலை லேபில் ஒரு பழைய கொம்பியூட்டர் சேர்வராக ஓடுகிறது. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள், நூலகப் பட்டியல், பாட வீடியோ எல்லாம் அதில்தான் பார்க்கிறார்கள். உள்ளே வேலை செய்வது 1995இல் வந்த அப்பாச்சி என்ற இலவச மென்பொருள்.

எந்தப் பெயரைக் கேட்டால் எந்த ஃபோல்டரைக் காட்டுவது என்பதெல்லாம் ஒரே கோப்பில் எழுதியிருந்தது. லேபைப் பார்த்துவந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு அந்தக் கோப்பைத் தொட யாருக்கும் தைரியமில்லை. அதில் ஒரு குறி பிழைத்தாலும் அப்பாச்சி மறுபடி எழும்பாது. ஒரு தளம் சேர்க்கப் போய் எல்லாத் தளமும் நின்றுவிடும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் வினாத்தாள் திறக்காவிட்டால், டியூஷனுக்கு வசதியில்லாத பிள்ளைதான் முதலில் பாதிக்கப்படும்.

அதனால் விடுமுறையில் தளங்களின் விபரங்களை எல்டாப் என்ற களஞ்சியத்துக்கு மாற்றினோம். 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது இது. தகவலை மரம்போல அடுக்கி வைக்கும். நம்ம முகவரியை நினைத்துப் பாருங்கள்: வீடு, வீதி, காத்தான்குடி, மட்டக்களப்பு, இலங்கை. சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிகிறது. எல்டாப்பில் ஒரு பதிவின் பெயரும் அப்படித்தான்.

இது புதிய யோசனையும் இல்லை. ஒரு காலத்தில் இன்டர்நெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் அமெரிக்காவில் ஓரிடத்தில், ஒரே கோப்பில் இருந்தன. அது சமாளிக்க முடியாமல் பெருத்ததும் 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற மர அமைப்பைக் கொண்டுவந்தார். நம்ம டொட் எல்கே அந்த மரத்தின் ஒரு கிளை.

இப்போது புதுத் தளம் சேர்க்க, மரத்தில் ஒரு பதிவு போட்டால் போதும். அப்பாச்சியை நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை. ஒரு பதிவில் பிழை வந்தாலும் அந்தத் தளம் மட்டுந்தான் திறக்காது.

நன்மை மட்டும் சொன்னால் நியாயமில்லை. களஞ்சியம் நின்றால் தளங்களும் நிற்கும். அதோடு, களஞ்சியம் எங்கே இருக்கிறது என்ற விபரத்தைக் களஞ்சியத்துக்குள் வைக்க முடியாது. சாவிப் பெட்டியின் சாவியை அதே பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவாரா? ஆகவே அந்த விபரமும் போர்ட் இலக்கமும் பழைய கோப்பிலேயே இருக்கின்றன. மைக்ரோசொஃப்டும் தன் வெப் சேர்வரின் அமைப்புகளை மெட்டாபேஸ் என்ற மரக் களஞ்சியத்தில் வைத்திருந்தது. பிறகு 2008ஆம் ஆண்டு விண்டோஸ் சேர்வரில், மனிதர் திறந்து வாசிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்புகளுக்கே திரும்பியது. பெரிய கம்பனியே போய்த் திரும்பி வந்த பாதை இது.

அதனால் நாங்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு வெள்ளியும் மரம் முழுவதையும் சாதாரண எழுத்துக் கோப்பாக இறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டு அதிபரின் அலுமாரியில் வைக்கிறோம். எப்படித் திரும்ப ஏற்றுவது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி அதோடு ஒட்டியிருக்கிறோம். தரம் 11 பிள்ளைகள் இரண்டு பேர் அதைப் பார்த்துத் தாங்களாகவே ஏற்றிக் காட்டினார்கள்.

ஐசிடி படிப்பிக்கும் சகோதர சகோதரிகளே, இடமாற்றம் நம் எல்லோருக்கும் வரும். நாம் போன மறுநாளும் லேப் திறக்க வேண்டும். கோப்போ களஞ்சியமோ, எதில் வைத்தாலும் சரி, அந்த ஒரு பக்கத்தை இந்தத் தவணைக்குள் எழுதி வையுங்கள். எங்களுடையதைப் பார்க்க விருப்பமென்றால் லேபுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.