அறுபது ரூபாய் கூஜா

“பாண்டிச்சேரி போயிருந்தேன்” என்று சொன்னால் போதும், உடனே கண்ணடிக்கிறார்கள். “என்ன சரக்கு மாப்ளே?” என்று காதருகே வந்து கேட்கிறார்கள். நம்புங்கள் ஸார், இந்தத் தடவை நான் அங்கே தள்ளாடியது உண்மை. ஆனால் காரணம் பாட்டில் இல்லை. ஒரு பித்தளைக் கூஜா.

நண்பன் ஒருவன் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். இருபது வருஷ இ.எம்.ஐ.யில் வாங்கிய ஹாலில் ‘ஆன்ட்டிக்’காக ஏதாவது வைத்தால்தான் களையாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். (ஊரில் அவன் அப்பா உட்கார்ந்து பேப்பர் படித்த தேக்கு பெஞ்சை, ‘இடத்தை அடைக்குது’ என்று இரண்டு வருஷம் முன்னால் விற்றவனும் இவனேதான்!) “நீ பி.காம். ஆச்சே, பேரம் பேச உதவுவே, வாடா” என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பி.காம்.மில் பேரம் பேசச் சொல்லித் தருவதில்லை என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை. ஓசி டிக்கெட்டை யாராவது விடுவார்களா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ். மரக்காணத்தில் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே போனால் தூக்கம் வராது. பாண்டிச்சேரிக்கு 2006-லிருந்து சர்க்கார் ஏட்டில் புதுச்சேரி என்று பெயர். கண்டக்டர் மட்டும் இன்னும் ‘பாண்டி, பாண்டி’ என்றுதான் கத்துகிறார்.

ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே நம் ஜனங்களின் திண்ணை வைத்த வீடுகள். கிழக்கே, கடல் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் இருந்த வீடுகள். மஞ்சள் சுவர், ஆளுயர ஜன்னல், மதில் மேல் காகிதப்பூ. தெருக்களெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் வழி தெரியாமல் போனால் கவலையே வேண்டாம். கிழக்கே பார்த்து நடந்தால் கடலில் போய் நிற்பீர்கள்.

கடலோ, மெரீனா மாதிரி மணலில் ஓடி விளையாடுகிற கடல் இல்லை. கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை வந்து மோதிவிட்டு, ‘சரி, நாளைக்குப் பார்த்துக்கறேன்’ என்கிற மாதிரி திரும்பிப் போகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீச் ரோடில் வண்டி விடமாட்டார்கள். நடக்கலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கல் தூண்களை அண்ணாந்து பார்க்கலாம். சுண்டல் சாப்பிடலாம்.

நாங்கள் தேடிப் போன கடை, பீச் ரோடுக்கு இரண்டு தெரு உள்ளே. வாசலில் போர்டு கூடச் சரியாகத் தெரியவில்லை. நிலைக்கதவு மட்டும் ஒரு கோயிலுக்கு ஆகும். உள்ளே நுழைந்தால் கடல் காற்றின் உப்பும், பழைய மரத்தின் வாசனையும், புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாசனையும் கலந்து ஒரு நெடி. மூக்கு சட்டென்று முப்பது வருஷம் பின்னால் போய்விட்டது.

கடைக்காரருக்கு அறுபத்தைந்து வயசிருக்கும். மடித்துக் கட்டிய லுங்கி, மூக்குக் கண்ணாடி. “பாருங்க தம்பி. தொட்டும் பாருங்க. காசு கேக்க மாட்டேன்” என்றார்.

பார்த்தோம். வால்வு ரேடியோ ஒன்று. கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் எழுதியிருந்தன, நடுவில் சிலோன். எண்பதுகள் வரை இதை வீட்டில் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க வேண்டும்! போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய ஓட்டைக் காலணா. இரண்டாம் உலகப் போர் சமயம், 1943-ல், செம்பை மிச்சம் பிடிப்பதற்காக நடுவில் துளை போட்டு அடித்த காசு. 64 காலணா சேர்ந்தால் ஒரு ரூபாய். இப்போது அந்த ஒரே ஒரு காலணா நூறு ரூபாய். காமர்ஸ் மாஸ்டர் கேட்டால் மயக்கம் போட்டிருப்பார்.

சுவரில் ரவிவர்மா லட்சுமி, சரஸ்வதி. அவர் 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்து, ராஜா வீட்டுச் சுவரில் மட்டும் இருந்த படங்களைச் சாதாரண வீட்டுப் பூஜை அறைக்குக் கொண்டு வந்தார். இப்போது அது மறுபடி பணக்காரர் சுவருக்கே போகிறது. ஒரு மூலையில் செட்டிநாட்டு மரத் தூண்கள். “ஒரு வீட்டுக்கு நாப்பது அம்பது பங்காளி இருப்பாங்க தம்பி. பராமரிக்க முடியலன்னு இடிச்சுப் பங்கு போட்டுக்கிறாங்க. பர்மா தேக்கு. இப்ப எங்க கிடைக்கும்?” என்றார் கடைக்காரர்.

நண்பன் ஒரு பித்தளைச் சாமானைத் தூக்கி வைத்துக்கொண்டு, “ஆஹா, ஃபிளவர் வாஸ்! டீப்பாய் மேல வெச்சா சூப்பரா இருக்கும்!” என்றான்.

“அது படிக்கம் தம்பி” என்றார் அவர் அமைதியாக.

“அப்படின்னா?”

“வெத்தலை எச்சில் துப்புறது.”

நண்பன் அதைக் குழந்தையை இறக்குகிற மாதிரி மெதுவாக இறக்கி வைத்துவிட்டுக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். “பெரிய ஓட்டல் ரிசப்ஷன்ல இதுல ரோஜாப்பூ வெச்சிருக்காங்க. நானே வித்தேன்” என்று ஆறுதல் சொன்னார் கடைக்காரர்.

எல்லாவற்றையும் ‘ஆன்ட்டிக்’ என்று சொல்லிவிட முடியாதாம். 1972-ல் போட்ட சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத சிலை, ஓவியம், நாணயம் மாதிரியான கலைப்பொருட்கள்தான் தொன்பொருள். ஏடு, சுவடி என்றால் 75 வருஷம். அவற்றைத் தனி ஆள் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்ளூரில் விற்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். “நம்ம கடையில அந்த வம்பே கிடையாது. எல்லாம் அம்பது அறுபது வருஷச் சாமான். மத்தவங்க பழசுன்னு சொல்லி வித்தா கொஞ்சம் உஷாரா இருங்க. போன மாசம் வார்த்ததை மண்ணுல புதைச்சு எடுத்து, பாட்டன் காலத்துதுன்னு தலையில கட்டிடுவாங்க.”

அப்போதுதான் அந்த அலமாரியைப் பார்த்தேன். வரிசையாகக் கூஜாக்கள்.

இந்தக் காலத்துத் தம்பிமார்களுக்காகச் சொல்கிறேன். பாட்டில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ரயில் பயணம் என்றால் கூஜாதான். குண்டு வயிறு, குறுகிய கழுத்து, திருகு மூடி, மேலே கைப்பிடி. பெரிய மனுஷர் பின்னால் அலைகிறவனைக் ‘கூஜா தூக்கி’ என்கிறோமே, அந்தக் கூஜா!

ஒன்றை எடுத்துத் திருப்பினேன். கழுத்துக்குக் கீழே சின்ன உளியால் புள்ளி புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர். கூடவே ஒரு தேதி. கல்யாணச் சீர். அடுத்ததை எடுத்தேன். வேறு பெயர். அதற்கடுத்தது. கை தானாகவே ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தது. மொத்தம் பதினோரு கூஜா. பதினோரு பேர். நான் தேடிய பெயர் இல்லை.

நான் யாரைத் தேடினேன் என்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1999. எனக்குப் பத்து வயசு. விழுப்புரத்தில் வீடு. இங்கிலாந்தில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. மே மாசம் டான்டன் மைதானத்தில் கங்குலியும் திராவிடும் சேர்ந்து 318 ரன் அடித்த மறுநாள், எங்கள் தெருவில் பேட் இல்லாத பையன் உயிரோடிருப்பதே வீண் என்கிற நிலைமை. அப்பாவிடம் கேட்டேன். ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவர். “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றார். எங்கள் வீட்டு அகராதியில் அதற்கு ‘கிடையாது’ என்று அர்த்தம்.

பரண் மேல் ஆயாவின் கூஜா இருந்தது. ஆயா கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கித் தந்தது. பெயர் வெட்டினவர் ‘ள்’ போட வேண்டிய இடத்தில் ‘ல்’ போட்டுவிட்டார். “எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு எந்த ‘ல்’லா இருந்தா என்ன?” என்று ஆயா சொல்லிச் சிரிப்பாள்.

மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது அதை உரச் சாக்கில் சுற்றிக்கொண்டு காயலான் கடைக்குப் போனேன். தராசில் போட்டார்கள். அறுபது ரூபாய். பேட் ஐம்பது, ரப்பர் பந்து பத்து. என் வாழ்க்கையில் வரவும் செலவும் பைசா பிசகாமல் டேலி ஆனது அந்த ஒரு தடவைதான். பேட் ஏது என்று கேட்ட அம்மாவிடம், கூட்டாளி ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனான் என்றேன்.

ஆடி அமாவாசை வந்தது. ஆயா வருஷா வருஷம் மேல்மலையனூர் போவாள், கூஜாவில் தண்ணீரோடு. பரணில் ஏறிப் பார்த்தால் கூஜா இல்லை. வீடு முழுக்கத் தேடினார்கள். கடைசியில் அம்மா, “பாத்திரம் தேய்க்கிறவதான் பரண் வரைக்கும் போயிட்டு வர்றா” என்று மெதுவாக ஆரம்பித்தாள். அந்த அக்கா கொல்லையில் கை நிறைய சாம்பலோடு அப்படியே நின்றது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொல்லவில்லை. சொல்லவே இல்லை, ஸார்.

ஆயாதான் பேசினாள். “அடியே, அவளை ஒண்ணும் கேக்காதே. இப்பதான் ஞாபகம் வருது. சித்திரையில ஈயம் பூசுறவன் வந்தானே, அவன்கிட்ட நான்தான் குடுத்தேன். நாளைக்குத் தரேன்னு போனவன் வரவே இல்ல.”

பித்தளைக்குள் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். அதற்காக உள்ளே ஈயம் பூசுவார்கள். தெருவோரம் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியால் ஊதி, பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவி ஈயத்தைத் துணியால் ஒரு இழுப்பு இழுப்பார்கள். குபுகுபுவென்று வெள்ளைப் புகை. புகை கலைந்தால் உள்ளே வெள்ளி மாதிரி மின்னும். அந்த வித்தைக்காரர் மேல் ஆயா பழியைப் போட்டுவிட்டாள்.

வம்பு என்னவென்றால், ஆவணியில் அவர் மறுபடி வந்துவிட்டார்! “ஈயம் பூசுறதேய்...” என்று குரல் கேட்டதும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். பின்னாலேயே ஆயா ஓடினாள். “இவன் இல்லடா, விடு! அவனுக்கு மீசை இருந்தது!”

அன்று ராத்திரி நான் படுத்திருந்தபோது ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். “பேட்டுக்கு எண்ணெ போட்டு வைடா. இல்லாட்டி வெடிச்சிடும்” என்றாள். அவ்வளவுதான். 2007-ல் அவள் போகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானும் கேட்டதில்லை. எண்ணெய் போட்டும் அந்த பேட் தீபாவளிக்கு முன்னால் உடைந்துவிட்டது.

காலேஜில் தேய்மானம் நடத்தினார்கள். இரண்டு முறை உண்டு. நேர்கோட்டு முறையில் வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே போனால் ஒரு நாள் கணக்கு பூஜ்யமாகிவிடும். குறைந்து செல் இருப்பு முறையில் மிச்சம் இருப்பதில்தான் சதவீதம் கழிப்பார்கள். அது குறையும், குறையும், பூஜ்யத்துக்கு மட்டும் வரவே வராது. ஆயா விஷயம் இரண்டாவது முறை. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

“என்ன தம்பி, பேரைப் படிக்கிறீங்க?” என்றார் கடைக்காரர். “நிறையப் பேர் அப்படித்தான் படிப்பாங்க. இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்ல. காயலான் கடைக்குப் போனதுல நூத்துக்குத் தொண்ணூறு உருக்கத்தான் போயிருக்கும்.”

ஒரு கூஜாவை எடுத்தேன். மூவாயிரத்து எண்ணூறு சொன்னார். பி.காம். மூளையைக் கசக்கி மூவாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தேன். நண்பன் ஒரு ரவிவர்மா லட்சுமியை வாங்கினான். படிக்கத்தின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. பில் போடும்போது, “பேரை வேணா தேய்ச்சு எடுத்துடட்டுமா? யாரோ ஒருத்தங்க பேரு உங்க வீட்டுல எதுக்கு?” என்றார்.

“வேண்டாங்க. இருக்கட்டும்” என்றேன்.

சாயங்காலம் கருங்கல் மேல் உட்கார்ந்து நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் பண்ணுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், “அந்த பெஞ்சை வாங்கினவன் நம்பர் எங்கிட்ட இருக்குன்னு நினைக்கிறேன்டா” என்றான். மடியில் லட்சுமி படத்தை வைத்துக்கொண்டு செல்போனில் தேட ஆரம்பித்தான்.

கூஜா இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க ஆசை. உள்ளே ஈயம் போய்விட்டது, பூச வேண்டும். பாத்திரக் கடைகளில் விசாரித்தேன், சிரிக்கிறார்கள். எங்கள் தெருவில் அந்தக் குரல் கேட்டுப் பல வருஷமாகிறது. உங்கள் பக்கம் ஈயம் பூசுகிறவர் யாராவது வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்ட கூலியைத் தந்துவிடுகிறேன். கூடவே ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது.

மீசை இருந்தாலும் பரவாயில்லை.