ஒப்பந்தம் முடிந்த மறுநாள்

பல்கலைக்கழகமும் தொழில்நிறுவனமும் கைகோக்கும் நாள் தவறாமல் ஒளிப்படமாகிவிடுகிறது. துணைவேந்தரின் அறையில் பூங்கொத்து, சால்வை, கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் இரு கைகள், பின்வரிசையில் பேராசிரியர்கள். மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி. மருத்துவத் தகவல் தொழில்நுட்பத்தில் இத்தகைய புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் இந்தியாவெங்கும் பெருகி வருகின்றன. மூன்றாண்டுகளோ ஐந்தாண்டுகளோ கழிந்து அவை முடிவுறும் நாளை எவரும் படமெடுப்பதில்லை. ஆனால் கூட்டாய்வின் தரம் வெளிப்படுவது அந்நாளில்தான். நிறுவனம் விடைபெற்றுச் சென்றபின் மருத்துவமனையில் எது மிஞ்சுகிறது, ஆய்வகத்தில் எது மிஞ்சுகிறது, நோயாளியின் மனத்தில் எது மிஞ்சுகிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தொழில்துறை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. முனைவர் பட்டத்திற்காக எழுதப்பட்ட நிரல், பட்டமளிப்பு விழாவோடு கேட்பாரற்றுப் போவதைத் துறை நன்கறியும். நள்ளிரவில் சர்வர் நின்றுபோனால் எழுந்துவந்து சரிசெய்ய ஆய்வகத்தில் ஆளில்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் குறிப்புகளைத் தாங்கும் மென்பொருளைப் பராமரிக்கும் பொறியாளர்களும் பணமும் நிறுவனங்களிடமே உள்ளன. மறுபுறம், எந்த வினா ஆராயத்தக்கது, விடையை எந்த அளவுகோலால் சோதிப்பது, நோயாளியிடம் எவ்வாறு ஒப்புதல் பெறுவது ஆகியவற்றில் பல்கலைக்கழகத்திற்கும் அதன் மருத்துவமனைக்கும் நெடிய பயிற்சி உண்டு. இருவரும் தனித்தனியே நின்றால் இத்துறையில் பயனுள்ள எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை.

நிலைத்த ஒன்றுக்குச் சத்தீஸ்கரிலிருந்தே சான்று காட்டலாம். பிலாஸ்பூர் மாவட்டத்தின் கனியாரியில், தில்லி எய்ம்ஸில் பயின்ற மருத்துவர்கள் சிலர் தொடங்கிய ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்னும் அமைப்பு மருத்துவமனை நடத்துகிறது. காசநோயோடும் அரிவாள் செல் சோகையோடும் வரும் சிற்றூர் மக்களுக்கான மருத்துவமனை அது. அதன் தேவைகளை முன்னிறுத்தி, தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு மருத்துவமனை மென்பொருளை உருவாக்கினர். அதற்குச் சத்தீஸ்கரின் ஒரு சிற்றூரின் பெயரையே சூட்டினர்: பஹ்மனி.

அவர்கள் எதையும் வெறுந்தரையிலிருந்து தொடங்கவில்லை. நோயாளியின் மருத்துவக் குறிப்புகளுக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், ஆய்வகச் சோதனைகளுக்கு ஓப்பன்எலிஸ், கட்டணத்திற்கும் மருந்து இருப்புக்கும் ஓடூ என ஏற்கெனவே இருந்த திறந்த மூல மென்பொருள்களை ஒன்றாக இணைத்தனர். இவற்றுள் ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் வேர் பல்கலைக்கழக மண்ணில் உள்ளது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கென்யாவின் மோய் பல்கலைக்கழகத்தோடு இயங்கிய எச்ஐவி சிகிச்சைத் திட்டத்தின் தேவையை நேரில் கண்டு, 2004இல் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்போடு சேர்ந்து தொடங்கிய பணி அது. எல்டொரெட் நகரின் நோயாளிகளுக்காக எழுந்த சிந்தனை, ஒரு தனியார் நிறுவனத்தின் கைத்திறனால் கனியாரியை அடைந்தது. அங்கிருந்து நேபாளத்தின் அச்சாம் மாவட்டத்திலுள்ள பயல்பாட்டா மருத்துவமனைக்கும் சென்றது. இன்று பஹ்மனியைப் பல அமைப்புகளின் கூட்டணி ஒன்று பேணி வருகிறது. தொடங்கிய நிறுவனம் நாளை முற்றிலும் விலகினாலும் நிரல் மருத்துவமனையிடமே இருக்கும். உரிமம் அதற்கு இடமளிக்கிறது. இந்த நிலைபேறு முதல் நாளிலேயே உரிமத்தின் வடிவில் எழுதி வைக்கப்பட்டது.

எதிர்ப்பக்கத்தையும் காண வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையமும் கூகுளும் 2017இல் ஒரு கூட்டாய்வை அறிவித்தன. நோயாளிகளின் மின்னணு ஆவணங்களைக்கொண்டு, மருத்துவமனையில் நேரக்கூடிய விளைவுகளை முன்கூட்டிக் கணிப்பது நோக்கம். பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன, ஆயினும் சிகிச்சை பெற்ற நாள்கள் அப்படியே இருந்தன, மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அடையாளம் நீக்கப்பட்ட வடிவில் சேர்ந்திருந்தன. மக்கள் எங்கு, எப்போது சென்றனர் என்பதை வேறு வழிகளில் அறியக்கூடிய ஒரு நிறுவனத்திடம் அந்த நாள்கள் சென்றதைச் சுட்டி, முன்னாள் நோயாளி ஒருவர் 2019இல் வழக்குத் தொடுத்தார். 2020இல் வழக்கு தள்ளுபடியானது; தமக்கு நேர்ந்த தீங்கை அவர் காட்டவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023இல் அதை உறுதிசெய்தது. சட்டத்தின் பார்வையில் பல்கலைக்கழகம் தப்பியது. ஆனால் நோயாளி ஒருவர் தம் மருத்துவமனையை நீதிமன்றத்தில் நிறுத்த நேர்ந்தது என்பதைத் தீர்ப்பு அழித்துவிடாது. ஒப்புதல் கேட்கப்படாத நோயாளியின் நம்பிக்கை சட்டத்தால் மட்டும் காக்கப்படுவதன்று.

இந்தியாவிற்கு இது தொலைதூரச் செய்தியன்று. நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் சேதத்தைக் கணினி கண்டறியும் என்று காட்டிய கூகுளின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, 1,28,175 விழித்திரைப் படங்களால் பயிற்றப்பட்ட அமைப்பைப் பற்றியது. அப்படங்களில் ஒரு பகுதி இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்து வந்தது. அதே ஆய்வுத் தொடர்ச்சியில் பாராட்டத்தக்க ஒன்றும் உண்டு. அவ்வமைப்பு தாய்லாந்தின் மருத்துவ நிலையங்களில் சோதிக்கப்பட்டபோது, செவிலியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைத் தரக்குறைவென்று அது ஏற்க மறுத்தது. போதிய இருளில்லாத அறைகள் அதற்கு ஒரு காரணம். கண்ணில் குறையேதும் இல்லாதோரும் வேறொரு நாள் மருத்துவமனைக்கு அலைய நேரிட்டது. நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2020இல் இதை வெளியிட்டனர். பாதகமான முடிவையும் அச்சேற்றிய அக்கட்டுரை, பிற நாடுகளின் மருத்துவமனைகளுக்கு ஒரு வெற்றிச் செய்தியைவிடக் கூடுதலாகவே கற்பித்தது.

அத்தகைய வெளியீட்டிற்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்கள் இடமளிக்கின்றனவா? நிறுவன நிதியில் ஆய்வு செய்யும் ஒரு முனைவர் பட்ட மாணவியை எண்ணிப் பார்க்கலாம். கிராம மருத்துவமனைகளில் கணிப்பு பிழைபடுகிறது என்பது அவளது நான்காம் இயலின் முடிவு. வெளியிடுமுன் நிறுவனத்தின் எழுத்துவழி இசைவு வேண்டும் என்கிறது ஒப்பந்தம். எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பதிவாளரும் நிறுவன அதிகாரியும். நெறியாளர் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். மாணவி பார்த்ததே இல்லை. உதவித்தொகை முடியும் மாதம் அவளுக்குத் தெரியும். இசைவு வரும் மாதம் தெரியாது. அவ்வியல் வெளிவராவிடில் இழப்பு அவளுக்கு மட்டுமில்லை. அதே கருவியை வாங்கப்போகும் மாவட்ட மருத்துவமனைக்கும் உண்டு.

தாமதத்திற்குக் காப்புரிமை ஒரு நியாயமான காரணம்தான். விண்ணப்பத்திற்கு முன் வெளியிட்டால் புதுமை கெடும். ஆனால் கணினி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பாகாது என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கூறுகிறது. ஆகவே காப்புரிமையின் பெயரால் காலவரையற்ற மௌனம் கோரப்படும்போது, எதற்கான காப்புரிமை, எந்த நாட்டில், எந்நாளுக்குள் என்று கேட்கும் உரிமை பல்கலைக்கழகத்திற்கு உண்டு. தரவுக்கும் இதுவே பொருந்தும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த தரநிலைகளின்படி நடக்கும் ஆய்வுக்கு விலக்களிக்கிறது. அத்தரவைக்கொண்டு தனிநபர் ஒருவரைப் பற்றிய முடிவெதுவும் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆய்வென்று தொடங்கியது விற்பனைப் பொருளாக மாறும் தருணம் எது என்பதை ஒப்பந்தமே வரையறுக்காவிடில், அந்த விலக்கின் நிழலில் எதுவும் நடக்கலாம்.

இவ்வளவு நிபந்தனைகளை விதித்தால் எந்த நிறுவனம் முன்வரும் என்ற கேள்வி எழும். அதில் நேர்மை உண்டு. முதலிட்டவர் பயன் எதிர்பார்ப்பது தவறில்லை. ஆயினும் திறந்த மூல மென்பொருளை நிறுவிக் கொடுத்தும் பயிற்சியளித்தும் பராமரித்தும் வருவாய் ஈட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. வெளியீட்டைத் தடுக்காமல் அறுபது நாள் அவகாசம் மட்டும் கேட்பதும், தரவை மருத்துவமனையின் சர்வரிலேயே வைத்து ஆய்வதும் வணிகத்தைக் கெடுப்பதில்லை. கேட்காத பல்கலைக்கழகத்திற்கு இவை தாமாகக் கிடைப்பதுமில்லை.

பெரும்பாலும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், பொறுமை தீர்ந்த வாசகன் எட்டாத இடத்தில், முடிவுறுத்தல் பற்றிய பிரிவு இருக்கும். தரவு யாரிடம் திரும்பும், நிரலை யார் தொடர்ந்து இயக்கலாம், பாதியில் நிற்கும் ஆய்வேட்டின் கதி என்ன என்பவற்றுக்கு அங்கேதான் விடை இருக்க வேண்டும். சேரவிருக்கும் ஆய்வு மாணவர்கள் அப்பிரிவைக் கேட்டு வாங்கி, முதலில் அதையே படிப்பது நல்லது. அங்கு விடை இல்லையென்றால், கையெழுத்தாகும் முன்பே நெறியாளரிடம் சொல்ல வேண்டும். பின்னர் திருத்துவது மிகக் கடினம்.